ஏரி நிர்வாகம்: இலாகாவும் ஊரும்

பயிருக்கு ஜலம் எவ்வளவு அவசியமோ, அந்த ஜலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் அவ்வளவு அவசியமாகும். கரை உயர்ந்து, மதகு பழுதின்றி, ஏரி நிரம்பி நின்றபோதிலும், எந்த நாளில் எந்த மதகைத் திறப்பது, தலைமடைக்கு எத்தனை மணி, கடைமடைக்கு எத்தனை மணி என்பதை நிச்சயிப்பவர் ஒருவருமில்லாத ஊரில் பயிர் வாடவே செய்யும்.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் ஏரியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டுவித அபிப்பிராயங்கள் வெளிவருகின்றன. “ஏரி சர்க்காருடையது, தூர் எடுப்பதும், கரை கட்டுவதும், மதகு திறப்பதும் சர்க்கார் வேலை, குடியானவன் உழுது விதைத்தால் போதும்” என்பது ஒன்று. “இலாகாவின் கைக்குப் போனதனாலேயே ஏரி கெட்டது, ஊரார் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்த வேலை எவரால் செய்யத்தக்கதோ அது அவரிடம் இருக்கவேண்டும். வேலை எவரிடம் இருக்கிறதோ, அதற்குரிய அதிகாரமும் வருமானமும் கணக்குக் காட்டும் பொறுப்பும் அவரிடமே இருக்கவேண்டும். வேலையை ஒருவரிடமும் அதிகாரத்தை வேறொருவரிடமும் வைப்பதே ஏரிகள் கெடுவதற்கு முக்கிய காரணம் என்பது நடந்த விஷயங்களை ஆராய்ந்து பார்ப்போர்க்கு விளங்கும்.

ஏரிகளின் அமைப்பு

புதுச்சேரிப் பகுதியில் கணக்கிடப்பட்ட ஏரிகள் 84. இவற்றில் பெரியது வில்லியனூர்ப் பக்கத்திலுள்ள ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பு சுமார் 800 ஹெக்டேர். அதில் ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. அந்த அணைக்கட்டும் தமிழ்நாட்டு எல்லையிலேயே இருக்கிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வாய்க்கால் வெட்டுவித்த கதையைப் பாகூர்ப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. கதை எப்படியிருப்பினும், நீர் எந்த வழியாக வருகிறது என்பதையும், அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு ஊர் கடமைப்பட்டது என்பதையும் அது தலைமுறை தலைமுறையாக நினைவூட்டி வந்திருக்கிறது.

இப்பகுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அச்சில நாட்களின் ஜலத்தைத் தேக்கிச் சம்பாவைக் கரையேற்றி, மிஞ்சியதைக் கொண்டு நவரைக்கு வழி செய்வதே ஏரியின் வேலை. ஓர் ஏரியின் கலிங்கல் வழியாக வழிவது கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. ஆகையால் மேல் ஊரில் வரத்துக்கால் தூர்ந்தால் கீழ் ஊரில் நாற்று காயும். ஒருவர் தன் நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பிழைக்கும்படியாக இந்த ஏற்பாடு அமையவில்லை.

பழைய நிர்வாகம்

ஊரார் ஏரியை நிர்வகித்த முறைக்குத் தெளிவான சான்று காஞ்சீபுரத்துக்கருகேயுள்ள உத்தரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்து வாரியத்தாரைத் தெரிந்தெடுத்தனர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். அவர்கள் பதவி 360 நாள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரக்கூடாது.

இவ்விதிகளில் கவனிக்கவேண்டியது பதவியின் சுருக்கமும் கணக்கின் கண்டிப்புமாகும். ஊராரை ஊரார் நம்புவதற்கு அன்புமட்டும் போதாது, விதியும் வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர். அதே சமயத்தில், அந்த முறையை முழுவதும் புகழ்வதற்கும் இடமில்லை. இறை கொடுக்கும் நிலம் கால்வேலிக்குமேல் வைத்திருந்தவரும் கல்வியில் தேர்ந்தவருமே குடவோலையில் இடம் பெற்றனர். உழுத கூலியாளுக்கும், குத்தகை செய்தவனுக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. பழைய முறையை மீட்கவேண்டுமென்போர் அதன் கண்டிப்பை மீட்கவேண்டுமேயன்றி அதன் குறுகலை மீட்கலாகாது.

பிற்காலத்தில் மதராஸ் மாகாணத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் உழைப்பு வழங்கிவந்தது. வழக்கம் தளர்ந்ததைக் கண்ட கம்பெனியார் 1858-ம் ஆண்டில் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்கினர். கட்டாயம் வந்தும் வழக்கம் பிழைக்கவில்லை. ஊராரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அவர்களுடைய மண்வெட்டியை மட்டும் வேண்டினால் அது நெடுநாள் கிடைக்காது என்பதற்கு இது பழைய உதாரணம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியார் வேறு வழியைக் கையாண்டனர். பாசன நிலக்காரர்களைக் கொண்ட வேளாண் சங்கங்களும், பாசனச் செலவுக்கான பொதுநிதியும் அவர்கள் காலத்தில் இருந்தன. மேற்பார்வை ஆட்சியாரிடத்திலும், அன்றாட வேலை நீர்க்கட்டிகளிடத்திலும் இருந்தது. எந்த வயலுக்கு எப்போது ஜலம் போதும் என்பதைக் கணுக்கால் நனைந்த அளவிலேயே சொல்லக்கூடிய நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் கொடுப்பது வழக்கமாயிருந்தது. அவன் கூலி ஆயக்கட்டு முழுவதும் விளைவதைப் பொறுத்திருந்தமையால், கடைமடையைக் காயவிடுவது அவனுக்கே நஷ்டமாயிற்று.

குலைந்த விதம்

1954-ம் ஆண்டில் ஆட்சி மாறியபின் ஏரிக்கரையும் மதகும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பில் வந்தன. இதில் நன்மை இல்லாமலில்லை. பெரிய உடைப்புகளை அடைக்கவும், சிமெண்டு மதகுகள் கட்டவும் இலாகாவின் பணமும் என்ஜினீயர்களும் வேண்டியிருந்தனர். ஆனால் சிறு வாய்க்காலின் புல்லைச் செதுக்கக்கூட இலாகாவுக்கு மனு எழுதிக் காத்திருக்கும் மனப்பான்மை ஊரில் பரவிற்று. மனு மேலே போய், மதிப்பீடு தயாராகி, உத்தரவு கீழே வருவதற்குள் ஆடியும் ஆவணியும் கழிந்து மழை பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் காலையில் இருபது பேர் கூடிச் செய்து முடிக்கக்கூடிய வேலை இரண்டு ஆண்டுகள் காகிதத்தில் நிற்பதுண்டு.

இரண்டாவது காரணம் ஆழ்குழாய்க் கிணறு. மின்சாரம் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ கிடைத்தமையால், வசதியுள்ளவர் தத்தம் நிலத்திலேயே குழாய் இறக்கிக்கொண்டனர். ஏரி நீர் வருமா வராதா என்ற கவலை அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. கவலை நீங்கியவர்களே பெரும்பாலும் ஊர்க்கூட்டத்தில் சொல் செல்லும் பெரியவர்களாயிருந்தமையால், அவர்கள் விலகியதும் கூட்டம் கலைந்தது; நீர்க்கட்டிக்கு நெல் அளப்பது நின்றது. ஏரியை நம்பியிருந்த சிறு நிலக்காரர் தனித்து நின்றனர். ஆகவே ஏரி நிர்வாகம் கெட்டதற்கு இலாகாவை மட்டும் குறைகூறுவது நியாயமன்று.

மூன்றாவது காரணம் ஸ்தல ஸ்தாபனங்களின் தளர்ச்சி. 1880-ம் ஆண்டிலேயே கொம்யூன் சபைகள் ஏற்பட்ட பிரதேசம் இது. பின்னர், 1973-ம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தது. எனினும் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. இடையில் 38 ஆண்டுகள் கழிந்தன. 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டும் நடவாமல் நின்றது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது ஆணையரே சபையின் வேலையையும் செய்யவேண்டியதாகிறது. அதிகாரி எவ்வளவு திறமையுள்ளவராயினும், ஒவ்வொரு ஊரின் ஒவ்வொரு மடையையும் அவர் அறிந்திருக்க முடியாது. மாற்றலாகிப் போனால் அறிந்ததும் அவரோடு போய்விடும்.

1999 முதல் 2008 வரை

இந்நிலையை மாற்ற நடந்த பெரிய முயற்சி, ஐரோப்பிய யூனியனின் பொருளுதவியோடு 1999 முதல் 2008 வரை புதுச்சேரியில் நடைபெற்ற ஏரிப் புனரமைப்புத் திட்டமாகும். 84 ஏரிகளையும் அது நோக்கமாகக் கொண்டது. தூரெடுத்தல், கரை பலப்படுத்தல், மதகு கலிங்கல்களைச் செப்பனிடுதல் ஆகியவற்றோடு, ஏரிதோறும் சங்கம் அமைப்பதும் திட்டத்தின் அங்கமாயிருந்தது. ஆயக்கட்டு நிலக்காரர் மட்டுமன்றி, நிலமற்ற குடும்பங்களும் பெண்களும் சங்கத்தில் இடம்பெறவேண்டும் என்பது அதன் கொள்கை. ஏரி நீர் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. மாட்டுக்கும், வண்ணானுக்கும், மீன் பிடிப்பவனுக்கும், கரைப்புல் அறுப்பவளுக்கும் உரியது என்பதை அத்திட்டம் ஒப்புக்கொண்டது.

வேலை நடந்த காலத்தில் ஊர்களில் உற்சாகம் இருந்தது. எந்த இடத்தில் மண் எடுப்பது, எடுத்த வண்டலை எவர் வயலுக்கு அடிப்பது என்பவற்றை ஊராரே பேசி முடிவு செய்தபோது காரியம் விரைவாயிற்று. பொருளுதவி நின்றபின் சங்கங்கள் எதைக் கொண்டு நடப்பது என்ற கேள்வி எழுந்தது. நிலையான வருமானமும், மதகின்மேல் எழுத்து மூலமான அதிகாரமும் இல்லாத சங்கம், பதிவுப் புத்தகத்தில் மட்டும் உயிரோடிருக்கும். மீன் குத்தகை ஒரு கைக்கும், மரப் பலன் ஒரு கைக்கும், மராமத்துச் செலவு ஊருக்கும் என்று ஏரியைத் துண்டாடிய இடங்களில் சங்கத்தார் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவது இயற்கை. சங்கம் அமைப்பது எளிது. அது பத்தாம் ஆண்டிலும் கூடுவதற்குரிய காரணத்தை அமைப்பதே கடினம்.

பிற இடங்களின் அநுபவம்

இலங்கையில் நெல் வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பல தலைமுறைகளாக விதானைமார் கவனித்து வந்தனர். மட்டக்களப்புத் தமிழர் அவரை வட்டை விதானையார் என்பர். வேலைக்கு வராதவனை வரச் செய்யும் செல்வாக்கு அவருக்கு இருந்தது. அச்செல்வாக்கைத் துஷ்பிரயோகம் செய்தவர்களும் இருந்தனர். 1958-ம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்த உத்தியோகத்தை எடுத்துவிட்டு, உழவர்களாலேயே தெரிந்தெடுக்கப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. ஒரு மனிதனிடம் குவிந்த அதிகாரத்தைப் பலரிடம் பகிர்ந்தளிப்பது நல்ல நோக்கமே. ஆயினும் விதியை மீறியவனைத் தண்டிக்கப் போதிய பலம் குழுக்களுக்கு அளிக்கப்படாமையால், பல இடங்களில் வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் போயின.

அதே நாட்டில், கல்லோயாப் பாசனத்தில் 1981 முதல் வேறு விதமாகத் தொடங்கினர். முதலில் சங்கத்துக்கு விதி எழுதவில்லை. ஊரில் தங்கிய இளைஞர்கள், ஒரே சிறு வாய்க்காலில் பாய்ச்சும் உழவர்களை ஒன்றுகூட்டி, அந்த ஒரு வாய்க்காலைச் சுத்தம் செய்யவும் முறை வைத்துப் பாய்ச்சவும் தூண்டினர். அது பலித்த பிறகே பெரிய வாய்க்காலுக்குப் பிரதிநிதிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஜலம் குறைந்த அப்பருவத்திலும் தலைமடையார் கடைமடைக்கு நீர் விட இசைந்தனர். பொதுச் சொத்துக்களை உரியவர்களே காப்பது பற்றிய ஆராய்ச்சிக்காக 2009-ல் பொருளாதார நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார், 1990-ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டிய கருத்தும் இதற்கு இசைந்ததே. எல்லை தெளிவாயிருந்து, விதியை அநுபவிப்போரே வகுத்து, மீறினவனுக்குச் சிறிய தண்டனையிலிருந்து படிப்படியாக உயரும் தண்டனை இருந்து, மேல் சர்க்காரும் அந்த உரிமையை மதித்தால் பொதுச் சொத்து நிலைக்கும் என்பது அதன் சாரம்.

ஆந்திரத்தில் 1997-ம் ஆண்டில் ஒரே சட்டத்தின் மூலம் 10,000-க்கும் மேற்பட்ட நீர்ப்பயனாளர் சங்கங்கள் ஒரே வீச்சில் அமைக்கப்பட்டன. மேலிருந்து விரைவாக வந்ததால், மேலிருந்து வந்த பணத்தையே அவை எதிர்பார்த்தன. பணம் குறைந்தபோது பல சங்கங்கள் சோர்ந்தன. தமிழ்நாட்டிலும் 2000-ம் ஆண்டில் உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே திட்டமொன்று தொடங்கி, செலவில் 10 சதவீதத்தைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டுமென்று ஏற்படுத்தினர். 10 சதவீதம் தருபவன் வேலையைக் கண் திறந்து பார்ப்பான் என்பது அதன் நியாயம். ஆனால் மண் எடுப்பதோடு பங்கு முடிந்து, மதகைத் திறப்பதில் பங்கு இல்லையானால், அடுத்த கோடையில் அந்த உற்சாகத்தை எதிர்பார்க்கலாகாது.

ஊர் மட்டும் போதாது

ஊராரிடமே யாவற்றையும் விட்டுவிடலாமென்பவர் 2024-ம் ஆண்டை நினைக்கவேண்டும். அவ்வாண்டு நவம்பர் 30, டிசம்பர் 1 தேதிகளில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பக்கத்து ஊர்கள் நீரில் நின்றன. திருவண்ணாமலைப் பக்கத்து அணை எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் பாகூர் ஊர்க்கூட்டம் தீர்மானிக்க முடியாது. அணைக்கும் ஆற்றுக்கும் செய்தி தொடர்பு வைப்பதும், படகும் மணல் மூட்டையும் அனுப்புவதும், இரண்டு சர்க்கார்கள் கலந்து பேசுவதும் மேலிடத்தின் வேலைகளே.

சாதாரண ஆண்டிலும் இப்படித்தான். சங்கராபரணியில் வீடூர் அணையின் பாசனம் 3,200 ஏக்கர்; அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அந்தப் பங்கைக் கேட்டுப் பெறுவது சர்க்காராலேயே ஆகும். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதனால் வனத்துறைக்கும் அதில் கடமை உண்டு. இவற்றைத் தனித்தனி ஊர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வழக்கும் அடிதடியுமே மிஞ்சும்.

ஆனால் அதே வெள்ளத்தில் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். கரையில் எந்த இடத்தில் நண்டு வளை உண்டு, எந்த வளைவில் முன்பு உடைப்பெடுத்தது, எந்தப் போக்குக்கால் ஆக்கிரமிப்பால் குறுகியிருக்கிறது என்பதை அவ்வூர்க் குடியானவனே அறிவான். இரவு இரண்டு மணிக்குக் கரைமேல் விளக்கோடு நிற்பவனும் அவனே. மேலிடத்தின் செய்தியும் ஊரின் அறிவும் சந்திக்கும் இடமொன்று இல்லாவிட்டால் இரண்டும் வீண்.

எது எவரிடம்

ஆகையால் பின்வரும் பாகுபாடு யோசிக்கத்தக்கது.

முதலாவது, ஆறு, அணைக்கட்டு, பெரிய வரத்துக்கால், கரையின் உறுதி, கலிங்கலின் கட்டடம், வெள்ள எச்சரிக்கை, ஆக்கிரமிப்பு நீக்கம் ஆகியவை இலாகாக்களிடம் இருக்கவேண்டும். இவற்றுக்குப் பெரும் பணமும் சட்டத்தின் பலமும் வேண்டும்.

இரண்டாவது, மதகைத் திறந்து மூடும் முறை, வயல் வாய்க்காலைச் சுத்தம் செய்தல், நீர்க்கட்டி நியமனம், ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நவரை எத்தனை ஏக்கர் வைப்பது என்ற தீர்மானம் ஆகியவை ஏரிச் சங்கத்திடம் இருக்கவேண்டும். தாசில்தாரோ என்ஜினீயரோ இவற்றில் தலையிடுவது புகார் எழுந்து சங்கத்தாரால் தீர்க்க முடியாதபோது மட்டுமே.

மூன்றாவது, ஏரியில் கிடைக்கும் மீன் குத்தகை, மரப் பலன் முதலியவற்றில் நிச்சயமான ஒரு பங்கு அந்த ஏரியின் பெயரிலேயே பாங்கியில் சேரவேண்டும். கணக்கு ஆண்டுக்கொருமுறை கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ உரக்க வாசிக்கப்பட வேண்டும். இரண்டு ஆண்டுக்குமேல் ஒருவரே பொக்கிஷதாரராக இருக்கலாகாது.

முறைப்பாய்ச்சலைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு மதகின்கீழ் 120 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் 5 நாள் இரவும் பகலும் திறந்தால் 120 மணி நேரம். ஏக்கருக்கு 1 மணி. கடைமடைக்குப் போகும் ஜலம் வழியில் ஊறிப்போவதால், தலைப்பாதி 60 ஏக்கருக்கு ஏக்கருக்கு 45 நிமிஷமும், கடைப்பாதி 60 ஏக்கருக்கு ஏக்கருக்கு 1 மணி 15 நிமிஷமும் என்று வைத்தால் மொத்தம் அதே 120 மணியாகும். ஒரு முறை கடைமடையிலும் அடுத்த முறை தலைமடையிலும் தொடங்கினால் இரவுப் பாய்ச்சலின் சிரமம் ஒருவர்மேலேயே விழாது. ஏக்கருக்கு 10 கிலோ நெல் என்று அளந்தால் நீர்க்கட்டிக்குப் பருவத்துக்கு 1,200 கிலோ கிடைக்கும். இந்த விகிதத்தை எந்த இலாகாவும் உத்தரவாக அனுப்பத் தேவையில்லை. அந்த 120 ஏக்கர்க்காரரும் ஒரு மாலையில் கூடிச் செய்துகொள்ளலாம். மண்ணுக்கு மண் விகிதம் மாறுமாதலால் அவர்கள் செய்வதே சரியாகவுமிருக்கும்.

வேலைக்குரிய காலமும் குறிக்கப்படவேண்டும். சித்திரை, வைகாசியில் தூரும் வண்டலும். ஆடி, ஆவணியில் வரத்துக்காலும் மதகுப் பலகையும். ஐப்பசி, கார்த்திகையில் கரைக்காவல். தை பிறந்ததும் இருப்பு நீரை அளந்து நவரைத் தீர்மானம். இந்த நான்கு கூட்டங்களும் தவறாமல் நடந்த சங்கம் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்.

சில ஆட்சேபங்கள்

ஊராரிடம் கொடுத்தால் கட்சி புகுந்துவிடும் என்பது ஓர் ஆட்சேபம். கட்சி இலாகாவின் வாசலிலும் நிற்கிறது. வித்தியாசம் யாதெனில், ஊரில் நடக்கும் அநியாயம் எல்லார் கண்ணுக்கும் படும். தூரத்தில் நடப்பது படாது. கணக்கை வெளியில் வாசிக்கும் விதி இருந்தால் கட்சியின் பலம் பாதியாகும்.

சங்கம் பெரிய நிலக்காரர் கையில் சிக்கிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவே கனமானது. இப்பத்திரிகையைப் படிப்போரில் பலர் நிலமுடையோராதலால் இதை வெளிப்படையாகவே சொல்லவேண்டும். நாலு பேர் கூடி நாற்பது பேருக்கு முடிவு சொல்வது சுயநிர்வாகமாகாது. அது சிறிய அளவிலான அதிகாரக்குவிப்பே. இலாகாவின் உத்தரவுக்கெதிராக மனு போடவாவது இடமுண்டு. உள்ளூர்ப் பெரியவரின் உத்தரவுக்கெதிராக ஏழைக்கு அதுவும் இல்லை. ஆகவே கடைமடையாருக்கும், குத்தகைதாரருக்கும், சேரிக் குடும்பங்களுக்கும், பெண்களுக்கும் நிர்வாகக் குழுவில் நிச்சயமான இடங்கள் ஒதுக்கப்படவேண்டும். ஓட்டு ஏக்கருக்கு ஒன்றென்பது கூடாது; ஆளுக்கு ஒன்றென்பதே தகும். மதகின் சாவி கடைமடைக்காரர் ஒருவரிடம் இருப்பது பல சண்டைகளைத் தடுக்கும்.

குழாய்க் கிணறு இருக்கும்போது ஏரியெதற்கு என்பது மூன்றாவது. ஏரியில் நிற்கும் ஜலமே கீழே இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பல மதிப்பீடுகள் புதுச்சேரிப் பகுதியை அளவுக்கு மிஞ்சி நீரெடுக்கும் பகுதியாகக் குறித்திருக்கின்றன. கடலையடுத்த ஊர்களில் நன்னீர் இறங்க இறங்க உப்புநீர் உள்ளே வரும். வந்ததை மீண்டும் வெளியேற்றுவது மிகக் கடினம். இதற்கென 2002-ம் ஆண்டில் நிலத்தடி நீர்ச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் காவலாளி நிறுத்தி எந்தச் சட்டத்தையும் நடத்த முடியாது. எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், கரும்பு எவ்வளவு, நெல் எவ்வளவு என்பதை ஊர் தானே கணக்கெடுத்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டாலன்றி அச்சட்டம் காகிதமாகவே இருக்கும். தன் கிணறு தன்னுடையது என்று எண்ணுகிறவர், பக்கத்து வயலில் இருபது அடி கூடுதலாக இறக்கிய குழாய் தன் கிணற்றை வற்றச் செய்யும்போது உண்மையை அறிவார். தனித்து இருப்பது சுயநிர்வாகமன்று.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், கொம்யூன் அலுவலர் ஆகியோர் செய்யக்கூடியவை சில உண்டு. ஏரியின் எல்லையை அளந்து கல் நாட்டி, அந்த வரைபடத்தைச் சங்கத்தாரிடமும் கொடுக்கலாம். சங்கம் எழுதிய முறைவிதியைப் பதிவேட்டில் ஏற்றி, மீறினவர் மேல் சங்கம் விதித்த அபராதத்தை ஆதரிக்கலாம். கூட்டத்துக்கு அழைத்தால் போய் ஓரத்தில் அமர்ந்து கேட்கலாம். தலைமை வகிக்காமலிருப்பதே நலம். அதிகாரி தலைமை வகிக்கும் கூட்டத்தில் ஜனங்கள் கோரிக்கை வைப்பார்களேயன்றித் தீர்மானம் செய்யமாட்டார்கள்.

குடியானவர்களும் எல்லா ஏரிகளுக்கும் உத்தரவு வரட்டுமென்று காத்திருக்கவேண்டியதில்லை. ஒரே மதகின்கீழ்ப் பாய்ச்சுகிறவர்கள் வருகிற சித்திரையில் ஒருமுறை கூடி, தங்கள் வாய்க்காலை எவர் எந்த நீளம் செதுக்குவது என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். ஒரு வாய்க்காலைச் சேர்ந்து நடத்தத் தெரிந்த ஊருக்கு ஏரியின் அதிகாரத்தைக் கேட்கும் தகுதி தானே உண்டாகிறது. அவ்வாறு கேட்கும்போது மறுப்பதும் சர்க்காருக்குக் கடினமாகும்.